நாளுக்கு ஒரு சுலோகம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்ததில் சந்தோஷம். "கீதை படிக்கிறாயா, வழக்கம்போல் விட்டுவிட்டாயா?" என்று கேட்டிருக்கிறாய். கிண்டல் புரிகிறது. இந்த முறை விடவில்லை.

முன்பு நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று 18 நாளில் முடித்தேனே, ஞாபகம் இருக்கிறதா? மறுவாரம் நீ ஒரு சுலோகம் கேட்டதும் திருதிருவென்று விழித்தேன். இப்போது விளக்கேற்றியதும் ஒரே ஒரு சுலோகம். பதம் பிரித்து, வாய்விட்டு மூன்று தடவை, அப்புறம் பொருள். மொத்தம் 700. முடிக்க இரண்டு வருஷம் ஆகும். ஆகட்டுமே.

முதல் அத்தியாயத்தின் 47, இரண்டாவதின் 72 எல்லாம் தாண்டி, மூன்றாவதில் 12-ஆம் சுலோகத்தில் மாட்டிக்கொண்டேன். தேவர்கள் தந்ததை அவர்களுக்குப் படைக்காமல் அனுபவிப்பவன் திருடனே என்கிறான் கண்ணன். 'ஸ்தேன ஏவ ஸ:'. நாசூக்கே கிடையாது! அடுத்த சுலோகத்துக்கு நகர நாலு நாள் ஆயிற்று. நானும் தினம் பூஜை செய்கிறவன்தான். ஆனால் ஒவ்வொரு பூவோடும் ஒரு விண்ணப்பத்தையும் சேர்த்தல்லவா போட்டிருக்கிறேன்?

இல்லறத்தான் தினமும் செய்ய வேண்டிய ஐந்து வேள்விகளான பஞ்ச மகா யக்ஞம் பற்றியும் அப்போதுதான் யோசித்தேன். அந்த ஐந்தில் வேதம் ஓதுவதே பிரம்ம யக்ஞம். ரிஷிகளுக்குப் பட்ட கடனை அடைக்கிற வழி. (நான் ஓதுவது கீதைதான், பெரியவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.) படிப்பது என் அறிவுக்கு, பூவும் தண்ணீரும் சாமிக்கு என்று பிரித்து வைத்திருந்தேன். படிப்பதும் கடனடைப்பதுதான் என்றால், மண்டையில் ஏறாத நாளிலும் உட்கார வேண்டியதுதானே? புரியவில்லை என்று சொல்லிக் கடனைத் தள்ளிப்போட முடியுமா?

இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய்ப் புல், உண்ணும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி, எல்லோரிடமும் இன்சொல். இது யாராலும் முடியும் என்கிறார் திருமூலர். முதல் மூன்றும் எனக்குச் சுலபம். நாலாவதுதான் உதைக்கிறது. நேற்று துளசி சாத்திவிட்டு எழுந்த கையோடு, செய்தித்தாள் நனைந்துவிட்டதென்று மருமகளிடம் எரிந்து விழுந்தேன். விரலில் துளசி வாசனைகூடப் போகவில்லை. அவள் நிதானமாக, "பூஜை முடிஞ்சுதா மாமா?" என்று மட்டும் கேட்டாள். மறுபடி போய் விளக்கின் முன் உட்கார்ந்தேன்.

வரும்போது உன் பழைய உரைப் புத்தகத்தை எடுத்து வா. நாலாம் அத்தியாயத்துக்குத் தேவைப்படும்.

உன் பழைய நண்பன்