கயல்விழிக்கு, ரசெமிக் என்ற சொல் பற்றி

அன்புள்ள கயலு,

நீ அனுப்பிய ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை ராத்திரி உட்கார்ந்து முழுசாக வாசித்தேன். வேலை நன்றாக வந்திருக்கிறது, அதைப் போனில் பேசலாம். இந்தக் கடிதம் ஒரே ஒரு சொல்லுக்காக. ஒரே தளத்தில் அதிரும் ஒளியை ஒரு பொருள் எவ்வளவு திருப்புகிறது என்று அளக்கும் போலாரிமீட்டரில் சுழற்சி கிட்டத்தட்ட பூஜ்யம் என்று சொல்லிவிட்டு, "ஆகவே விளைபொருள் ரசெமிக்" என்று எழுதியிருக்கிறாய். அந்த "ஆகவே" எனக்கு உறுத்துகிறது.

ரசெமிக் என்றால் ஒளியைத் திருப்பாதது என்று பொருள் இல்லை கண்ணு. ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்களும் சரிபாதியாக இருக்கின்றன என்று பொருள். அது ஓர் அளவைப் பற்றிய பேச்சு. ஒளி திரும்பாமல் போவது அதனால் விளைவது, வேறு காரணங்களாலும் விளைவது. மீசோ டார்டாரிக் அமிலமும் ஒளியைத் திருப்பாது. அதன் மூலக்கூறுக்குள்ளேயே ஒரு சமச்சீர்த் தளம் இருக்கிறது, ஒரு பாதி மறுபாதியின் பிம்பம், எவ்வளவு முயன்றாலும் அதை இரண்டாகப் பிரிக்க முடியாது. கரைசல் மிகவும் நீர்த்திருந்தாலும், பொருளின் திருப்புதிறனே சின்னதாக இருந்தாலும் கருவி பூஜ்யத்தை ஒட்டித்தான் நிற்கும். 70:30 கலவையைக்கூட ரசெமிக் என்று வாய்க்கு வந்தபடி சொல்கிறவர்கள் உண்டு. அது ஒரு வடிவம் 40 சதவீதம் மிகுந்த கலவை, அவ்வளவுதான்.

இந்தச் சொல் எவ்வளவு உழைப்பில் பொருள் பெற்றது என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு அலுக்காத கதை இது. பிரான்ஸின் அல்சாஸில் கெஸ்ட்னர் என்பவரின் தொழிற்சாலையில், திராட்சை ரசத்தின் கசண்டிலிருந்து டார்டாரிக் அமிலம் எடுக்கும்போது அதைப் போலவே இன்னொரு அமிலமும் கிடைத்தது. திராட்சைக் குலைக்கான லத்தீன் சொல்லை வைத்து பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக் அதற்கு ரசெமிக் அமிலம் என்று பெயரிட்டார். நம் புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் ஒளியை வலப்பக்கம் திருப்பும், இது திருப்பவில்லை. 1848-இல், இருபத்தைந்து வயதுப் பாஸ்டர் அதைச் சோடியம் அம்மோனியம் உப்பாக மாற்றிப் படிகமாக்கினார். படிகங்களின் ஓரத்தில் சின்னச் சின்ன முகங்கள், சிலவற்றில் வலப்பக்கம் சாய்ந்து, சிலவற்றில் இடப்பக்கம் சாய்ந்து. ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியலாக்கினார். ஒரு குவியலின் கரைசல் ஒளியை வலமாகவும் இன்னொன்று இடமாகவும் திருப்பியது. சம எடை எடுத்துக் கலந்ததும் சுழற்சி போயிற்று. ஒளித்திருப்பத்தை ஆராய்ந்த மூத்த விஞ்ஞானி, எழுபதைத் தாண்டிய பியோ இதை நம்பாமல், தன் கண்ணெதிரே மறுபடி செய்துகாட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். இன்னொரு சங்கதி, அந்த உப்பு சுமார் 27 டிகிரிக்குக் கீழே படிகமானால்தான் இப்படித் தனித்தனியாகப் பிரியும். நம் நாமக்கல் சித்திரை வெயிலில் வைத்திருந்தால் இரண்டும் ஒரே படிகத்துக்குள் சேர்ந்தே உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்றும் மனசில் வைத்துக்கொள். "வெறும் ரசெமிக்தான் கிடைத்தது" என்று அடுத்த பக்கத்தில் தோற்றுப்போனவள் மாதிரி எழுதியிருக்கிறாய். ரசெமிக் என்பது குறை இல்லை. நம் தீவன மில்லின் கிடங்குக்கு நீ சின்னப் பிள்ளையில் வந்திருக்கிறாய். அங்கே ஒரு பக்கம் டிஎல்-மெத்தியோனைன் மூட்டை, பக்கத்திலேயே எல்-லைசின் மூட்டை. இரண்டும் தீவனத்தில் சேர்க்கும் அமினோ அமிலங்கள். டி, எல் என்பவை இரண்டு பிம்ப வடிவங்களின் பெயர், டிஎல் என்றால் இரண்டும் சரிபாதி கலந்தது. மெத்தியோனைன் பெரும்பாலும் அக்ரோலின், மெத்தில் மெர்காப்டன், ஹைட்ரஜன் சயனைடு இவற்றிலிருந்து செய்யப்படுவது. இவை எதிலும் வலது இடது இல்லை, அதனால் சரிபாதியாக வருகிறது. பிரிக்க யாரும் மெனக்கெடுவதில்லை, ஏனென்றால் கோழியின் உடம்பே டி வடிவத்தைக் கீட்டோ அமிலமாக்கி, அங்கிருந்து எல் வடிவமாக மாற்றிக்கொள்கிறது. லைசினில் அந்த வழி கிடையாது, டி-லைசின் கோழிக்கு வீண். ஆகவே பாக்டீரியாவை வைத்து நொதிக்கச் செய்து எல் வடிவத்தை மட்டுமே எடுக்கிறார்கள். ஒரே கிடங்கு, ஒரே கோழி, ஒன்றுக்கு ரசெமிக் போதும், மற்றதற்குப் போதாது. அம்மா தும்மலுக்குப் போடும் செட்டிரிசின் 10 மில்லிகிராம் ரசெமிக், லிவோசெட்டிரிசின் 5 மில்லிகிராம் அதில் வேலை செய்யும் பாதி. கருவிலிருந்த குழந்தைகளுக்கு ஊனம் உண்டாக்கிய தாலிடோமைடு மருந்தில் ஒரு வடிவத்தை மட்டும் கொடுத்தாலும் பயனில்லை, உடம்புக்குள் சில மணி நேரத்தில் ஒன்று மற்றதாகிவிடும். யார் உடம்புக்குள் போகிறது, அங்கே என்ன ஆகிறது என்று பார்க்காமல் நல்லது கெட்டது சொல்லிவிட முடியாது.

சரி, திருத்தத்துக்கு வருகிறேன். மாதிரியைக் கைரல் குழாயில் (column) ஓட்டு, இரண்டு பிம்ப வடிவங்களையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவது அதுதான். வரைபடத்தில் இரண்டு சிகரங்களின் பரப்பும் சமமாக வந்தால் ரசெமிக் என்று தைரியமாக எழுது, விகிதத்தையும் கூடவே போடு. சமமாக வராவிட்டால் அந்தச் சொல்லே வேண்டாம், விகிதம் மட்டும் போதும். பெயருக்கு முன்னால் டிஎல் போட்டிருக்கிறாய், அது அமினோ அமிலத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய பழக்கம். உன்னுடையது ஆல்கஹால், ரசெமிக் என்பதன் சுருக்கமான ராக் (rac) என்ற முன்னொட்டைப் போடு. அப்புறம், உன் மாதிரியை ஓட்டுவதற்கு முன்னால் சரிபாதி என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றை ஓட்டிப் பார். அந்தக் குழாய் இரண்டு வடிவங்களையும் பிரிக்கிறதா என்று தெரியாமல் உன் விகிதத்தை நம்ப முடியாது. இரண்டு வரைபடங்களையும் எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு.

இப்படிக்கு,
அப்பா