சத்தம் போய்விடும், நுரை போகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

இராணுவ விமானத் தள விரிவாக்கம் என்று பேச்செடுத்தால், எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் எல்லாரும் இரைச்சலைத்தான் குறை சொல்கிறார்கள். சரி, ஜெட் பறந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காதுதான். ஆனால் எனக்குப் பயம் தண்ணீரை நினைத்துத்தான்.

ஆஸ்திரேலியாவின் வில்லியம்டவுன் விமானப்படைத் தளத்தில் தீயணைப்புப் பயிற்சிக்குப் பல ஆண்டுகள் பயன்படுத்திய நுரையில் பிஃபாஸ் (PFAS) என்ற செயற்கை வேதிப்பொருள்கள் இருந்தன. இவை எளிதில் சிதையாதவை. மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரிலும் வடிகால்களிலும் கலந்துவிட்டன. 2015இல் விஷயம் வெளியே வந்ததும், நிலத்தடி நீரைக் குடிக்காதீர்கள், வீட்டுக்கோழி முட்டையைத் தவிருங்கள் என்று அக்கம்பக்கத்தாருக்கு அறிவுறுத்தினார்கள். 2020இல் வில்லியம்டவுன் உட்பட மூன்று ஊர் மக்களின் வழக்கு 21 கோடியே 25 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசமானது.

நம் தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளிலும் கோழி உண்டு, கொல்லையில் கீரை உண்டு. பையன்கள் மழைக்கு அப்புறம் தோட்டத்துக் கால்வாயில் கெளுத்தி பிடிக்கிறார்கள். எந்தத் தளமானாலும், ஓடுபாதையை நீட்டும் முன் சுற்றுவட்டாரக் கிணறுகளையும் கால்வாய்களையும் சோதிக்க வேண்டும். முடிவை மலாயிலும் தமிழிலும் தோட்டத்து அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

தோட்டத்து வாசகர்,
சுங்கைப்பட்டாணி, கெடா