உன் சந்திரனும் அவன் சனியும்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய இரண்டு ஜாதகங்களையும், உன்னுடையதையும் அந்தப் பையனுடையதையும், மூன்று நாளாக மேசைமேல் பரப்பி வைத்திருக்கிறேன். பதில் போடத் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் பாகை (டிகிரி) கணக்கை எடுத்தாலே நீ "சரிப்பா, சரிப்பா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். கடிதமென்றால் படித்துத்தானே ஆகவேண்டும்.

"அவனோட சனி என் சந்திரனுக்கு 90 டிகிரியில இருக்காம், நூத்துக்கு 41தான் வருது, விட்டுடணுமாப்பா?" என்று கேட்டிருக்கிறாய்.

பொருத்தத்துக்கு உன் செயலி போட்ட அந்த 41 மார்க்கை முதலில் தூக்கிப் போடு. உன் பத்துக் கிரகங்கள், அவனுடைய பத்து. ஆக நூறு ஜோடிகள். மேற்கத்திய முறையில் முக்கியமாக மதிக்கும் கோணங்கள் ஐந்து: 0, 60, 90, 120, 180. அச்சுப் பிசகாமல் அதே பாகையில் நிற்க வேண்டியதில்லை. முன்னே பின்னே ஆறு பாகை தள்ளி நின்றாலும் கணக்கில் சேர்ப்பார்கள். நடுவில் உள்ள மூன்று கோணங்களும் வட்டத்தின் இரண்டு பக்கமும் வரும். ஆக எட்டு இடங்கள், இடத்துக்கு 12 பாகை அகலம். எல்லாவற்றையும் கூட்டினால் 360இல் 96 பாகை. அதாவது முன்பின் தெரியாத யார் ஜாதகத்தை உன் ஜாதகத்தோடு வைத்தாலும் நூறு ஜோடியில் சுமார் 27 ஏதோ ஒரு கோணத்தில் மாட்டும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவனோடும் உனக்குத் திரிகோணம் (120) இருக்கும், கேந்திரமும் (90) இருக்கும். இதில் யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோவையும் சேர்த்து மார்க் போட்டிருக்கிறார்கள். புளூட்டோ ஒரு சுற்று வர 248 வருடம். உன் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அது கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான். அதைப் போய் இருவருக்கும் "ஆழமான ஆன்ம பந்தம்" என்று எழுதியிருக்கிறது உன் செயலி! உன்னோடு படித்தவர்கள் அத்தனை பேரோடும் உனக்கு அந்தப் பந்தம் உண்டு.

அவன் பிறந்த நேரம் தெரியவில்லை என்கிறாய். அப்படியானால் லக்னத்தைப் பற்றி அது சொன்னது அத்தனையும் கற்பனை. பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் புள்ளிதான் லக்னம், நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்ந்துவிடும். அவன் சந்திரனையும் நம்பாதே, ஒரு நாளில் 13 பாகை ஓடிவிடும். சனி மட்டும் நிதானம். நேரம் தவறினாலும் சனி தவறாது.

ஆகவே அந்தச் சனிக்கு வருகிறேன். உன் சந்திரன் கடகத்தில் 14 பாகை, அவன் சனி மேஷத்தில் 16. உண்மையிலேயே நெருக்கமான கேந்திரம்தான், மறுக்கவில்லை. ஆனால் சனி ராசி மண்டலத்தைச் சுற்ற ஏறத்தாழ இருபத்தொன்பதரை வருடம் எடுத்துக்கொள்கிறது. 1997இல் பல மாதங்கள் அந்தப் பகுதியிலேயே முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தது. அந்த மாதங்களில் பிறந்த எவனைக் கூட்டி வந்தாலும் இதே சனி இதே இடத்திலிருந்து உன் சந்திரனைப் பார்க்கும். அவனை விட்டுவிட்டால் அது விட்டுப் போகாது.

"என் ராசி மிதுனம்னுதானே சொல்வீங்க, இதுல கடகம்னு வருதே" என்றும் கேட்டிருந்தாய். செயலி சாயன முறையில், அதாவது வசந்த சம இரவுப் புள்ளியிலிருந்து ராசிகளை எண்ணும் மேற்கத்திய முறையில் போட்டிருக்கிறது. நாம் பார்ப்பது நிராயனம், நட்சத்திரங்களை வைத்து எண்ணுவது. இரண்டுக்கும் இடையே இப்போது சுமார் 24 பாகை வித்தியாசம். இரண்டு கிரகங்களையும் ஒரே அளவு பின்னால் தள்ளுவதால் நடுவிலுள்ள கோணம் மாறாது. உன் சந்திரன் மிதுனத்துக்கு வரும், அவன் சனி மீனத்துக்குப் போகும், அவ்வளவுதான். ஆனால் பார்வை என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது மாறிவிடும்! நம் முறையில் எல்லாக் கிரகமும் ஏழாம் இடத்தைப் பார்க்கும். செவ்வாய்க்குக் கூடுதலாக 4, 8. குருவுக்கு 5, 9. சனிக்கு 3, 10. மீனத்திலிருந்து எண்ணிப் பார், மிதுனம் நாலாவது. சனிக்கு நாலாம் பார்வையே கிடையாது. ஆக ஒரு சாஸ்திரம் உன்னைப் பயமுறுத்தும் இடத்தில் இன்னொரு சாஸ்திரம் சனி உன் பக்கம் திரும்பவே இல்லை என்கிறது. முப்பது வருடமாக இரண்டையும் படிக்கிறேன். இந்த வழக்கை என்னால் தீர்க்க முடிந்ததில்லை.

கார்ல் யூங் என்ற சுவிஸ் மனவியல் அறிஞர் இதைச் சோதித்தே பார்த்தார். ஒருவர் சூரியனும் மற்றவர் சந்திரனும் இணங்கி நின்றால் மணவாழ்க்கை நிலைக்கும் என்பது தாலமி என்ற பழங்காலக் கிரேக்க வானியலாளர் இரண்டாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தது. யூங் முதலில் 180 தம்பதிகளின் ஜாதகங்களை எடுத்தார். மனைவியின் சந்திரன் கணவரின் சூரியனோடு சேர்ந்திருப்பது தூக்கலாகத் தெரிந்தது. மேலும் சேர்த்து 483 தம்பதிகள் ஆனபோது அந்தத் தூக்கல் கரைந்துபோனது. 1952இல் அதையும் ஒளிக்காமலேயே வெளியிட்டார்.

அப்புறம் ஏன் இந்த மனுஷன் இன்னும் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று கேட்பாய். அதற்கு உன் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

என் சனியும் அம்மாவின் சந்திரனும் ஒரே ராசியில், இரண்டு பாகைக்குள் நிற்கின்றன. சந்திரன் மனம், சனி அளவுகோல். கல்யாணமான புதிதில் அம்மா வேலை செய்துகொண்டே பாடுவாள். ஒருநாள், "அந்த இடத்துல சுருதி சேரலை" என்றேன். எனக்கு அது சாதாரணப் பேச்சு. அதற்குப் பிறகு நான் வீட்டில் இருக்கும்போது அவள் பாடியதில்லை. அதை நான் கவனிக்கவே பதினோரு வருடம் ஆயிற்று. ஒரு நாள் இருவர் கட்டங்களையும் அருகருகே வைத்து, சனி சந்திரனோடு சேர்ந்தால் என்ன என்று ஏதோ பழைய குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். "ஒருவர் திருத்துவார், மற்றவர் அடங்குவார்" என்று இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் வீடு அமைதியாக இருந்தது. அப்போதுதான் அந்தப் பாட்டு ஞாபகம் வந்தது. கிரகம்தான் செய்ததா என்றால், தெரிந்த விடைக்கு நானே கணக்குப் போட்டிருக்கலாம். ஆனால் அந்தத் தாள் முன்னால் இல்லாவிட்டால் நான் அந்தக் கேள்வியையே கேட்டிருக்கமாட்டேன். (கேட்ட பிறகும் அவள் உடனே பாடிவிடவில்லை. அது வேறு கதை.)

உன் விஷயத்தில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். அவன் கிரகங்கள் உன்னை என்ன செய்யும் என்று மட்டும் பார்த்திருக்கிறாய். பக்கத்தைத் திருப்பு. உன் சனி மேஷத்தில் 26 பாகை. அவன் சூரியன் துலாத்தில் 25. நேர் எதிர். இது 90ஐவிட ஒன்றும் லேசானதில்லை. சனிக்கு ஏழாம் பார்வை உண்டு என்பதால் நம் முறையும் இதை ஒத்துக்கொள்ளும். போன மாதம் நீ எழுதியதை எடுத்துப் படித்தேன்: "நான் சொன்னாதாம்பா அவன் ஒழுங்கா ஒரு வேலையை முடிக்கிறான்." பெருமையாகத்தான் எழுதியிருந்தாய். அவன் அதை எப்படிக் கேட்டான் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?

விடு, விடாதே என்று நான் சொல்லப்போவதில்லை. சனி சம்பந்தமில்லாத ஜோடிகள் சீக்கிரம் கலைந்துவிடும், பிடித்து வைக்க ஆளில்லை என்று பழைய ஜோதிடர்கள் சொல்வார்கள். அதுவும் ஒரு பக்கம்.

இதை எழுதி முடித்து அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். பாட்டு வந்த இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, "அவளுக்குச் சொல்றது இருக்கட்டும். என் சனி உங்க கட்டத்துல எங்க இருக்கு?" என்றாள்.

இத்தனை வருடத்தில் நான் பார்த்ததே இல்லை. பழைய நோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா