சனிக்கிழமை ஆறு, ஞாயிற்றுக்கிழமை ஏரி: ஃப்ளோட் டியூப் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கலிஃபோர்னியாவின் கிழக்கு சியரா மலைப்பக்கம் தூண்டிலோடு கிளம்பும் நம்ம ஊர் நண்பர்களுக்கு,

வணக்கம். இரண்டு கிலோவுக்குள் ஃப்ளோட் டியூப் (உட்கார்ந்தபடி மிதந்து மீன் பிடிக்கிற காற்றடைத்த மிதவை) கிடைக்க ஆரம்பித்ததும் நமக்குக் கால் நீண்டுவிட்டது. முன்பு குரோலி ஏரியில், கார் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மிதந்தோம். இப்போது டியூபைச் சுருட்டிப் பைக்குள் திணித்து, 10,000 அடிக்கு மேலே நடைபாதை தொடங்குகிற மஸ்கீட்டோ ஃப்ளாட்டிலிருந்து லிட்டில் லேக்ஸ் பள்ளத்தாக்குக்குள் நடக்கிறோம். கரையிலிருந்து வீசினால் எட்டாத மீன் எட்டுகிறது. நல்லதுதான், போங்கள். (எடை என்று லைஃப் ஜாக்கெட்டை விட்டுப் போகிறவர்களுக்குத் தனி மடல் உண்டு.)

என் கவலை, சனிக்கிழமை ஓவன்ஸ் ஆறு, மறுநாளே மேல் ஏரி என்று போடுகிற திட்டம். ஓவன்ஸில் நியூசிலாந்து சேற்று நத்தை கால் நூற்றாண்டாக இருக்கிறது. பெரும்பாலும் அரிசியளவுகூட வராது. ஆண் துணை வேண்டாம். ஒன்றே ஒன்று போனாலும் குட்டி போட்டுப் பெருகும். டிரவுட் மீன் விழுங்கினால்கூடப் பல உயிரோடு வெளியே வந்துவிடும். ஈரம் இருந்தால் நாள்கணக்கில் தாங்கும். ஈரத்தோடு சுருட்டிய டியூபைவிட அதற்கு வேறென்ன வசதி வேண்டும்?

மேல் ஏரிகள் ஏற்கெனவே அடிபட்டவை. பெரும்பாலானவற்றில் ஆதியில் மீனே கிடையாது. கோவேறு கழுதையில் சுமந்தும், பிறகு விமானத்திலிருந்து கொட்டியும் மனிதர்கள் விட்டவைதான் நாம் பிடிக்கிற டிரவுட். அவை தலைப்பிரட்டைகளைத் தின்றன. தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை மிச்சத்தை முடித்தது. சியரா மஞ்சள்கால் தவளை 2014-இல் அமெரிக்க அரசின் அழிந்துவரும் உயிரினப் பட்டியலில் ஏறியது. ‘பூஞ்சைதான் எங்கும் வந்துவிட்டதே, இனி சாமானைக் கழுவி என்ன’ என்கிறார்கள் சிலர். எல்லா ஏரிக்கும் எல்லாமும் இன்னும் போய்ச் சேரவில்லை.

டியூபைக் காயவைத்துவிட்டால் அதில் ஆபத்து குறைவு. உறையில்லாத ஒற்றைத் துணி என்றால் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். நைலான் உறை உள்ளதென்றால் காற்றுப்பையை உருவி, உறையை உள்புறம் திருப்பிப் பாருங்கள். மடிப்பில் மணல் நிற்கும். மோசமானவை ஃபின்ஸும் (காலில் மாட்டுகிற துடுப்பு) பூட்ஸும்தான். ஃபின்ஸில் பாதம் நுழைகிற குழி, பூட்ஸ் நாக்கின் அடி, கயிற்றுத் துளை எல்லாவற்றையும் பிரஷ் போட்டுத் தேய்த்து, ஓர் இரவு முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள். வீட்டில் திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்கு நேரமில்லை என்றால் வரிசையை மாற்றுங்கள்: முதலில் மேல் ஏரி, இறங்கி வந்து ஆறு. வாட்ஸ்அப்பில் சாமான் பட்டியல் போடுகிற அண்ணன்மார், பழைய டூத் பிரஷ் ஒன்றையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்களோடு மிதக்கும் ஒருவன்