குலுக்கலை ஒழித்தால் நம் வரிசை நகராது: கிரீன் கார்டு அமைப்பினருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் வேலைவாய்ப்பு வழிக் கிரீன் கார்டுக்காகக் காத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களின் சார்பில் பேசிவரும் அமைப்பினருக்கும், அவர்களின் மனுக்களில் கையொப்பமிடும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களிடம் அளிப்பதற்காக நீங்கள் சுற்றுக்கு விட்டிருக்கும் மனுவின் வரைவைப் படித்தேன். நானும் இதே வரிசையில் நிற்பவன் என்பதால் அதிலுள்ள பெரும்பாலான கோரிக்கைகள் என் கோரிக்கைகளும்தான். ஆனால் மூன்றாவது பத்தியில், ஆண்டுதோறும் குலுக்கல் முறையில் வழங்கப்படும் பன்முகத்தன்மை விசாவை அடியோடு ஒழித்துவிட்டு, அந்த எண்ணிக்கையை வேலைவாய்ப்புப் பிரிவுகளுக்கு மாற்றித்தர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பத்தியை நீக்கிவிடும்படி வேண்டவே இம்மடலை எழுதுகிறேன். 2025 டிசம்பரில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டுக்குக் காரணமானவர் என்று கருதப்பட்ட போர்ச்சுகல் நாட்டவர் 2017-இல் இந்தக் குலுக்கல் வழியாகக் கிரீன் கார்டு பெற்றவர் என்று தெரியவந்ததும், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அத்திட்டத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அந்த அறிவிப்பை நம்மவர்கள் சிலர் வாட்ஸ்அப் குழுக்களில் வாழ்த்துச் செய்தியைப்போல் பகிர்ந்துகொண்டதைப் பார்த்த பிறகு, இதைத் தனிப்பட்ட முறையில் சொல்வதைவிட வெளிப்படையாகச் சொல்வதே முறை என்று தோன்றியது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வேலைவாய்ப்புப் பிரிவுகள் அனைத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1,40,000 என்பது 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த எண்ணிக்கை. அதில் நம்மில் பலர் நிற்கும், முதுகலைப் பட்டமோ தனித்திறனோ உடையவர்களுக்கான ஈ.பி.-2 பிரிவுக்கு 28.6 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 40,000. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்ற உச்சவரம்பின்படி இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அதில் கிடைப்பது சுமார் 2,800. மனைவி, கணவர், பிள்ளைகள் எல்லாரும் இதே எண்ணிக்கையில் அடங்குவதால், நால்வர் கொண்ட குடும்பம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 700 குடும்பங்கள். இப்போது உங்கள் மூன்றாவது பத்தி அப்படியே நிறைவேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குலுக்கலுக்கான 50,000 சொச்சம் விசாக்களும் வேலைவாய்ப்புப் பிரிவுகளுக்கு வந்து, அதே விகிதத்தில் பிரிக்கப்பட்டு, அதே 7 விழுக்காட்டு வரம்பின் கீழ் வழங்கப்பட்டால், ஈ.பி.-2 பிரிவில் இந்தியர்களுக்கு ஆண்டுக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஆயிரம் விசாக்கள். குடும்பக் கணக்கில் 250. பல லட்சம் பேர் நிற்கும் வரிசையில் இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. பிற நாட்டவர் பயன்படுத்தாமல் விட்ட மிச்சம் நமக்கு வருமே என்று சொல்வீர்கள். முன்பு வந்தது உண்மைதான். ஆனால் 2022 இறுதியிலிருந்து ஈ.பி.-2 பிரிவில் உலகின் மற்ற நாட்டினருக்கும், வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினில் காலவரம்புத் தேதி (அதற்கு முன் விண்ணப்பித்தவர்களுக்கே விசா) விழத் தொடங்கிவிட்டது. அவர்களே வரிசையில் நிற்கும்போது மிச்சம் எங்கிருந்து வரும்?

ஆக, நம்மை நிறுத்திவைத்திருப்பது பிறந்த நாட்டுக் கணக்கு, குலுக்கல் அல்ல. இங்கே குடியுரிமைக்குக்கூட மதிப்பில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். மதுரையில் பிறந்து, டொராண்டோவில் வளர்ந்து, கனடா பாஸ்போர்ட் வைத்திருப்பவரும் இந்திய வரிசையில்தான் நிற்க வேண்டும். அதே வேளையில், இலங்கையில் பிறந்த பெண்ணை மணந்த தஞ்சாவூர்க்காரர் மனைவியின் பிறந்த நாட்டுக் கணக்கில் விண்ணப்பித்துப் பத்தாண்டுக் காத்திருப்பைத் தாண்டிவிடலாம். இந்த விதி தெரியாமல் இந்திய வரிசையிலேயே நின்றுகொண்டிருந்த ஒருவரை நான் அறிவேன். வேறு ஏதோ காரியத்துக்காக மனைவியின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கிய வழக்கறிஞர், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்ததைக் கண்டபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. அவருடைய படிப்போ வேலையோ சம்பளமோ அன்றைக்கு மாறவில்லை. ஒரு சான்றிதழில் இருந்த ஊர்ப்பெயர் மட்டும் கணக்கில் வந்தது. இந்த அபத்தத்தை எடுத்துக்காட்டுவதற்குத்தான் நம் மனுவின் ஒவ்வொரு வரியும் பயன்பட வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. உங்கள் வரைவை எழுதியவர்கள் இதை யோசித்ததாகத் தெரியவில்லை. நாட்டு வரம்பை நீக்கக் கூடாது என்போர் சொல்லும் ஒரே வலுவான காரணம், அதை நீக்கினால் சில ஆண்டுகளுக்கு வேலைவாய்ப்பு விசாக்கள் பெரும்பாலும் இந்தியர்களுக்கும் சீனர்களுக்குமே போய்விடும், ஆப்பிரிக்காவிலிருந்தும் சிறிய நாடுகளிலிருந்தும் வருவோருக்குக் கதவு அடைபடும் என்பதுதான். இதற்கு நம்மிடம் உள்ள நல்ல பதில் என்ன? எல்லா நாட்டவருக்கும் இடம் கிடைக்க வேண்டும் என்ற நோக்கத்துக்காகச் சட்டமே தனியாகக் குலுக்கல் என்ற ஒரு வாசலை வைத்திருக்கிறது. கடந்த ஐந்து ஆண்டுகளில் 50,000 பேருக்கு மேல் அனுப்பிய நாடுகளுக்கு அந்த வாசலில் இடமே இல்லை. ஆகவே இந்தியர்களாகிய நாங்கள் அங்கே நுழைவதில்லை. அப்படியிருக்க, ஒரு நிறுவனம் இன்னாரின் திறமை தேவை என்று பெயர் சொல்லிக் கேட்கும் வேலைவாய்ப்பு வாசலிலும் பிறந்த நாட்டைப் பார்ப்பது ஏன் என்பதே அந்தப் பதில். குலுக்கல் இருக்கும்வரைதான் இந்த வாதம் நிற்கும். அதை ஒழிக்கும்படி நாமே கேட்டால், நம் எதிர்த்தரப்பின் கையில் நாமே ஆயுதத்தை எடுத்துக் கொடுத்தவர்கள் ஆவோம்.

இந்தக் குலுக்கல் பிறந்த கதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1965-ஆம் ஆண்டுச் சட்டம் குடும்ப உறவுக்கு முதலிடம் தந்தபோது, அமெரிக்காவில் நெருங்கிய உறவினர் இல்லாத அயர்லாந்துக்காரர்களுக்கு வழி அடைபட்டது. அவர்களுக்காகக் குரல் கொடுத்த காங்கிரஸ் உறுப்பினர்கள் 1980-களில் தற்காலிகத் திட்டங்களைக் கொண்டுவந்தார்கள். 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில், இடைக்காலத்தில் ஆண்டுக்கு 40,000 விசாக்கள் என்றும், அவற்றில் 40 விழுக்காடு அயர்லாந்துக்கு என்றும் ஒதுக்கிய பிறகு, 1995-ஆம் நிதியாண்டிலிருந்து 55,000 விசாக்கள் கொண்ட நிரந்தரக் குலுக்கல் தொடங்கியது. ஐரோப்பியர்களை மனத்தில் வைத்துத் திறந்த வாசல் வழியே பின்னாளில் எத்தியோப்பியர்களும் கானா நாட்டவரும் நேபாளிகளும் வந்தார்கள். அதன் மீதான வெறுப்புக்கு இந்த மாற்றமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

குலுக்கலில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. 2025-ஆம் நிதியாண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி விண்ணப்பங்கள் வந்தன. குடும்பத்தினரையும் சேர்த்து 1,31,000 பேர் தேர்வு செய்யப்பட்டார்கள். விசாக்களோ அதிகபட்சம் 55,000. தேர்வாகிவிட்டோம் என்று நிலத்தை விற்று, நேர்காணலுக்கு நாள் கிடைக்காமல், செப்டம்பர் 30 நள்ளிரவோடு எல்லாம் காலாவதியாகிப் போனவர்களின் கதை ஒவ்வோர் ஆண்டும் உண்டு. 2011-இல் கணினிக் கோளாறு என்று சொல்லி, தேர்வானதாக அறிவிக்கப்பட்ட 22,000 பேரின் முடிவை வெளியுறவுத் துறை ரத்தே செய்தது. விண்ணப்பத்தை நிரப்பித் தருகிறோம் என்று பணம் பறிக்கும் முகவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவற்றையெல்லாம் திருத்தச் சொல்லலாம், திருத்தவும் வேண்டும். ஆனால் அது அந்த வாசலைப் பயன்படுத்துவோரின் நன்மைக்காகச் செய்யப்படும் திருத்தமாக இருக்க வேண்டுமே தவிர, அடுத்த வரிசைக்காரர்கள் வந்து கேட்கும் பங்காக இருக்கக் கூடாது.

உங்கள் வரைவில் 'தகுதியின்றி அதிர்ஷ்டத்தால் வருபவர்கள்' என்று ஒரு தொடர் வருகிறது. பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகரான படிப்போ, பயிற்சி தேவைப்படும் தொழிலில் ஈராண்டு அனுபவமோ இல்லாமல் குலுக்கலில் யாரும் விசா பெற முடியாது என்பதை விட்டுவிடுவோம். நாம் எப்படி வந்தோம்? ஆண்டுக்கு 65,000, அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கு மேலும் 20,000 என்ற எச்-1பி தற்காலிக வேலை விசா ஒதுக்கீட்டுக்கும் குலுக்கல்தானே? ஒரே கல்லூரியில் படித்து, ஒரே நிறுவனத்தில் ஒரே நாளில் சேர்ந்த இருவரில் ஒருவர் தேர்வாகி இங்கே வீடு வாங்கியதையும், மற்றவர் மூன்று முறை தவறிப் பெங்களூருக்குத் திரும்பியதையும் பார்க்காதவர் நம்மில் யார்? 2024-ஆம் நிதியாண்டுக்கு வந்த ஏறத்தாழ 7,80,000 பதிவுகளில் 4,08,000-க்கும் மேற்பட்டவை ஒரே ஆளின் பெயரில் பல நிறுவனங்கள் செய்த பதிவுகள். அந்தத் தில்லுமுல்லுக்குப் பிறகுதான் ஆளுக்கு ஒரு சீட்டு என்று விதியை மாற்றினார்கள். 2025 டிசம்பரில் இறுதி செய்த விதியோ, சம்பள நிலை உயர உயரச் சீட்டின் எண்ணிக்கையும் கூடும்படி குலுக்கலையே மாற்றியிருக்கிறது. இந்தப் பின்னணியை வைத்துக்கொண்டு, அதிர்ஷ்டத்தில் வந்தவர்கள் என்று இன்னொருவரைச் சுட்ட நமக்கு நா கூச வேண்டும்.

நம் தமிழ்ச் சங்கங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கல் விழாவில் உங்கள் பக்கத்து நாற்காலியில் இருக்கும் இலங்கைத் தமிழர் 'லொத்தர்' (இந்தக் குலுக்கலுக்கு அவர்கள் வழங்கும் பெயர்) விழுந்து வந்தவராக இருக்கலாம். இந்தியாவுக்கு மூடியிருக்கும் அந்த வாசல் இலங்கைக்குத் திறந்திருந்தது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இங்கே உறவினரோ நிறுவனமோ இல்லாத குடும்பங்களுக்கு அகதி விண்ணப்பத்தைத் தவிர இருந்த சட்டப்படியான வழிகளில் அதுவும் ஒன்று. எங்கள் ஊர் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் நிலைக்குப் பாடம் நடத்தும் ஆசிரியை அப்படி வந்தவர். அந்த வாசலை மூடச் சொல்லும் மனுவில் சங்கத்தின் பெயரையும் போட்டு, அவரிடமும் கையொப்பம் கேட்பது எப்படி?

காங்கிரஸின் அனுபவமும் இதையே சொல்கிறது. நாட்டு வரம்பை நீக்கும் மசோதா, குலுக்கலைத் தொடாமல், 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்ற கணக்கில் நிறைவேறியது. 2020 டிசம்பரில் செனட்டும் தன் வடிவத்தை எதிர்ப்பின்றி ஏற்றது. இரண்டு வடிவங்களையும் இணைப்பதற்குள் அந்தக் காங்கிரஸின் காலம் முடிந்தது. இவ்வளவு அருகில் நாம் வேறெப்போதும் வந்ததில்லை. மாறாக, குலுக்கலை ஒழிக்கும் திட்டம் இடம்பெற்ற மசோதாக்களில், 2013-இல் செனட்டில் 68-க்கு 32 என்று நிறைவேறிய விரிவான மசோதா பிரதிநிதிகள் சபையில் விவாதத்துக்கே எடுக்கப்படவில்லை. 2017-இல் செனட்டர்கள் காட்டனும் பெர்டுவும் கொண்டுவந்த மசோதாவோ குலுக்கலையும் ஒழித்து, குடும்ப விசாக்களையும் பாதிக்குமேல் குறைத்து, வேலைவாய்ப்பு எண்ணிக்கையை மட்டும் அதே 1,40,000-இல் வைத்தது. குலுக்கலிலிருந்து எடுத்ததில் ஒன்றைக்கூட நம் பக்கம் தள்ளவில்லை. குலுக்கலை ஒழிக்கத் துடிப்போரில் பலருக்கு மொத்தக் குடியேற்றத்தையே குறைப்பதுதான் நோக்கம். நம்மை அவர்கள் மேடைக்கு அழைப்பார்கள், பந்தியில் இலை போட மாட்டார்கள்.

ஆகவே மூன்றாவது பத்தி இருந்த இடத்தில் வேறு இரண்டு கோரிக்கைகளை எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். முதன்மை விண்ணப்பதாரரை மட்டும் எண்ணி, மனைவி, கணவர், பிள்ளைகளை 1,40,000 கணக்கிலிருந்து விலக்க வேண்டும்; இன்று அதில் பாதிக்குமேல் குடும்பத்தினருக்கே போகிறது என்பதால், இந்த ஒரு திருத்தம் ஏறத்தாழ இரட்டிப்பு வேகம் தரும். அடுத்து, அரசு அலுவலகத் தாமதத்தால் வழங்கப்படாமல் போன விசாக்களை மீட்டுத்தர வேண்டும். 2021-ஆம் நிதியாண்டில் மட்டும் 60,000-க்கும் மேற்பட்ட வேலைவாய்ப்பு விசாக்கள் செப்டம்பர் 30-இல் வீணாயின. இவை இரண்டிலும் வேறு எந்த நாட்டவரின் தட்டிலிருந்தும் நாம் எடுப்பதில்லை. கூடவே, 21 வயது நிறைந்ததும் பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து விழுந்துவிடும் நம் பிள்ளைகளைப் பற்றிய ஐந்தாவது பத்தியை முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள். மூன்று வயதில் இங்கே வந்து, இங்கேயே பள்ளி முடித்த பிள்ளை, இந்தியர்களுக்கான ஈ.பி.-2 காலவரம்புத் தேதி 2025-இலும் 2012, 2013 என்று ஊர்ந்துகொண்டிருப்பதால், கல்லூரியின் மூன்றாம் ஆண்டில் வெளிநாட்டு மாணவர் விசாவுக்கு மாறி, அதற்கான கட்டணத்தையும் கட்ட வேண்டிய நிலை எந்தக் கட்சிக்காரருக்கும் சொன்னவுடன் புரியும்.

திருத்திய வரைவு வந்ததும் கையொப்பமிட்டு, எங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு நானே எடுத்துச் செல்கிறேன். மூன்றாவது பத்தி அப்படியே இருக்குமானால், முன்பு நான் கொடுத்திருந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கொண்டு, என் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

அன்புடன்,
வரிசையில் நிற்கும் தமிழர் ஒருவர்,
நியூ ஜெர்சி