பாரிஸைத் தாண்டியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிரான்ஸ் பயணம் என்றாலே எல்லோரும் பாரிஸோடு நிறுத்திக்கொள்கிறார்கள், எனக்கு அதில் ரொம்ப வருத்தம். பிரான்சின் வடமேற்கே, பழைய பிரித்தானி பகுதியில் நாந்த், பிரெஸ்ட் நகரங்களை இணைக்க வெட்டிய கால்வாய் 360 கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. அந்தக் காலத்தில் குதிரைகள் படகு இழுத்துப் போன கரைப்பாதையில்தான் இன்று சைக்கிள் ஓட்டுகிறார்கள். பெரும்பாலும் தார் கிடையாது, பொடிச் சரளையை இறுக்கிப் போட்ட பாதை. காருக்கு ஒதுங்கும் பயம் இல்லாமல், டயருக்கடியில் சரளை நெரிபடும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டே போகலாம். வழியெல்லாம் படகுகளை ஏற்றி இறக்கும் மதகுகள், பக்கத்தில் மதகுக்காரர் குடியிருந்த சின்ன வீடு. ஜோஸ்லான் ஊரில் கோட்டைச் சுவர் தண்ணீரை ஒட்டி அப்படியே செங்குத்தாக எழுந்து நிற்கும், நான் இறங்கிவிட்டேன், அப்புறம் கிளம்பவே மனசு வரவில்லை.

மழை பெய்தால் சேறாகும், 40 மில்லிமீட்டர் அகல டயர் இருந்தால் நல்லது. கால்வாய்க்கரை என்பதால் ஏற்றமும் குறைவு, குழந்தைகளையும் கூட்டிப் போகலாம்.

பிரான்சின் சாலை விதிகளில் 2004 முதல் மோட்டார் வண்டி நுழையக்கூடாத ‘பசுமை வழி’ என்றே தனி வகை உண்டு. உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் இந்தக் கால்வாய்ப் பாதைக்கு ஒரு வாரம் இடம் கொடுங்கள், சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்