'பதிஞ்சாச்சா?'ன்னு கேப்பாரு எங்க லாயர் சார்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் எங்க லாயர் சார் தவறிட்டாரு. இங்க மலேசியாவுல, பட்டர்வொர்த்ல கடை மாடியில சின்ன ஆபீஸ், அவரு ஒரே லாயர், நான் ஒரே கிளார்க்கு, 19 வருஷம் கூட இருந்தேன். சாவு வீட்டுல ஒருத்தர் வந்து பெரிய கேஸ் எதாச்சும் ஜெயிச்சிருக்காரான்னு கேட்டாரு, எனக்கு அப்ப வாய்ல ஒண்ணும் வரல, வீட்டுக்கு வந்து ராத்திரி பூரா அதையே நெனச்சிட்டு படுத்திருந்தேன், அதான் எழுதுறேன்.

பேப்பர்ல வர்ற மாதிரி கேஸ் அவருகிட்ட இல்ல ஐயா. பிறை பேக்டரியில வேலை போனவங்க, வேலை செஞ்ச தோட்டத்த மொதலாளி வித்த பெறகு வீடு இல்லாம நின்னவங்க, ஐசி, அதான் அடையாள அட்டை, இல்லாத பிள்ளைங்க, இவங்கதான் வருவாங்க. உள்ள வந்ததும் செவுத்துல கையால எழுதுன ஒரு அட்டை இருக்கும், '60 நாள்' அவ்ளோதான். வேலைய விட்டு நிறுத்துனா 60 நாளுக்குள்ள தொழிலுறவு இலாகாவுல புகார் குடுத்துடணும், 61வது நாள் வந்தீங்கன்னா நான் என்ன பண்ணுவேன்னு கேப்பாரு, அப்படி லேட்டா வந்தவங்கள அனுப்பி வெச்சிட்டு மத்தியானம் சாப்பிடாமயே உக்காந்திருப்பாரு, நான் பாத்திருக்கேன்.

அதவிட அவரு மனச போட்டு அரிச்சது கல்யாணப் பதிவுதான். 1982 மார்ச் 1ஆம் தேதிலேர்ந்து முஸ்லிம் அல்லாதவங்க கல்யாணத்த பதியணும்னு சட்டம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி கோயில்ல முறைப்படி தாலி கட்டியிருந்தா, காகிதம் இல்லன்னாலும் அது பதிஞ்ச கல்யாணம் மாதிரிதான். சாரோட அம்மா ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுனவங்க, தோட்டத்து மாரியம்மன் கோயில்ல கட்டுன தாலி, ஒரு துண்டு காகிதம் கெடையாது, ஆனா சட்டம் ஒத்துக்குது. அதே கோயில்ல 90கள்ல தாலி கட்டுன பொண்ணுக்கு கவர்மெண்டு ஆபீஸ்ல கல்யாணமே ஆகலங்குறாங்க. இத நம்ம ஜனங்களுக்கு யாரு வெளக்கி சொன்னா? ஐயரு மந்திரம் சொன்னாரு, ஊரே சாப்பிட்டுச்சு, போட்டோ ஆல்பம் இருக்கு, இன்னும் என்னன்னுதான் எல்லாரும் நெனச்சாங்க.

நிபோங் தெபால் பக்கத்துலேர்ந்து ஒரு அக்கா வந்தாங்க, புருஷன் செத்து மூணு மாசம், மூணு பிள்ளைங்க, வீடு புருஷன் பேர்ல. உயில் இல்லாம செத்தா சட்டப்படி பொண்டாட்டிக்கு கால்வாசி, பிள்ளைங்களுக்கு பாதி, பெத்தவங்களுக்கு கால்வாசி. ஆனா பதியாத கல்யாணம், அதனால பொண்டாட்டியும் இல்ல பிள்ளைங்களும் இல்லன்னு ஆயிடுச்சு, எல்லாம் மாமியாருக்குத்தான் போகும். அந்த மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது. சார் கோர்ட்டுக்கு போகல. மூணு ஞாயித்துக்கெழம அந்தப் பாட்டி வீட்டுக்கு போயி, அவங்க போட்டுக் குடுத்த கோப்பிய குடிச்சிட்டு, செத்துப்போன மகனப் பத்தி அவங்க பேசுறத முழுசா கேட்டுட்டு வந்தாரு. நாலாவது வாரம் பாட்டியே ஆபீஸ் படியேறி வந்து, வீட்ட மருமக பேர்லயும் பேரப்பிள்ளைங்க பேர்லயும் எழுதிடு தம்பின்னாங்க. இது எந்தத் தீர்ப்புலயும் வராது.

இன்னொரு பையன், அப்பா மலேசியர், அம்மா வெளிநாடு, அவங்களுக்கு சரியான பத்திரம் இல்ல. கல்யாணம் பதியாததால பிள்ளைக்கு அம்மாவோட குடியுரிமதான்னு சொல்லிட்டாங்க, பொறந்ததுக்கு அப்புறம் போயி பதிஞ்சும் ஒண்ணும் ஆகல. அரசியலமைப்பு 15ஏ பிரிவுல குடியுரிமை கேட்டு அப்ப 21 வயசுக்குள்ள மனு போடணும்னு இருந்துச்சு, மூணு தடவ போட்டோம், ரெண்டு தடவ காரணமே சொல்லாம நிராகரிச்சாங்க, பையனுக்கு 19 வயசாகும்போதுதான் குடிமக்களுக்குக் குடுக்குற நீல ஐசி வந்துச்சு. அன்னிக்கு சார் என்கிட்ட எதுவும் பேசல, கீழ எறங்கிப் போயி எல்லாருக்கும் ரொட்டி சானாய் வாங்கிட்டு வந்தாரு.

பீஸ் வாங்க மாட்டாருன்னு சொல்ல மாட்டேன், வாங்குவாரு, மாசம் 50 வெள்ளி (ரிங்கிட்)ன்னு கட்டுனவங்களும் உண்டு, அவருக்கும் குடும்பம் இருக்கு. வீட்டுக்காரம்மா தமிழ்ப்பள்ளி டீச்சர், ரெண்டு பொண்ணு ஒரு பையன். மத்தியான சாப்பாடு தெனமும் வீட்டுலதான், அம்மா உயிரோட இருந்தவரைக்கும் அவங்க கூட உக்காந்துதான் சாப்பிடுவாரு. சாயந்தரம் ஆறு மணிக்கு மேல போனே எடுக்க மாட்டாரு, அதுக்காக கோவிச்சிட்டு வேற லாயருகிட்ட போனவங்களும் இருக்காங்க. சின்னப் பொண்ணு தேவாரம் கிளாஸ் முடிச்சு வர்ற வரைக்கும் வெளிய கார்லயே உக்காந்து பைல படிச்சிட்டிருப்பாரு.

ஆபீஸ்ல அவரு நாற்காலிக்குப் பின்னாடி லாயர் சர்டிபிகேட் ஒரு பிரேம், பக்கத்துலயே அவரோட கல்யாணப் பதிவு சர்டிபிகேட் இன்னொரு பிரேம். கல்யாணப் பத்திரிக்கை வெக்க யாரு வந்தாலும் அதக் காட்டி, பதிஞ்சாச்சான்னு கேட்டுட்டுதான் பத்திரிக்கைய கையிலயே வாங்குவாரு. கோயில் கமிட்டிக்காரங்ககிட்ட நான் கேக்குறது இதான், மண்டபம் புக் பண்ண வர்றவங்ககிட்ட டெபாசிட் கேக்குறதுக்கு முன்னாடி இத கேளுங்க. சில கோயில்கள்ல உதவிப் பதிவதிகாரி இருக்காங்க, அங்கயே முடிச்சிக்கலாம், இல்லாத கோயில்னா பதிவிலாகாவுக்கு போகச் சொல்லுங்க.

கல்யாண பிரேம டீச்சர் நேத்து வந்து எடுத்துட்டு போனாங்க. நடந்துட்டிருக்குற கேஸ வேற ஒரு லாயர் எடுத்துக்குறாரு. ஆனா பழைய பைல்கள்ல நெறைய பேரோட நிலப் பட்டா, பொறந்த சூரா (பிறப்புச் சான்றிதழ்) எல்லாம் ஒரிஜினலாவே கெடக்கு, சில வீட்டு போன் நம்பர் மாறிப்போச்சு. மாசக் கடைசி வரைக்கும் காலையில 9 மணிலேர்ந்து 1 மணி வரை நான் ஆபீஸ்லதான் இருப்பேன், ஐசிய கொண்டு வந்து வாங்கிக்கங்க.

இப்படிக்கு,
சாரோட கிளார்க்கு,
பட்டர்வொர்த், பினாங்கு